கேள்வி – பதில்: கிழக்கு ஜெர்மனிக் கட்சியின் கோப்புகள்

கேள்வி: கிழக்கு ஜெர்மனியை ஆண்ட சோசலிச ஐக்கியக் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் கூட்டக் குறிப்புகளைப் பார்த்தேன். முடிவுகள் மட்டுமே உள்ளன, விவாதம் இல்லை. பக்கங்களை உருவிவிட்டார்களா?
– ஆய்வு மாணவி, புதுச்சேரி

பதில்: உருவவில்லை. நீங்கள் பார்த்தது செம்பிரதி, அதாவது இறுதி முடிவுகளை மட்டும் சுத்தமாக எழுதிய பிரதி. செவ்வாய்தோறும் கூடிய பொலிட்பீரோவுக்கு இரண்டு வரிசைக் குறிப்புகள் உண்டு. காப்பகத்தின் பழைய கோப்புக் குறியீட்டில் ‘ஜே ஐவி 2/2’ என்பது செம்பிரதி; ‘2/2ஏ’ என்பது வேலைப் பிரதி. துறைகள் அனுப்பிய வரைவுகளும் கைத்திருத்தங்களும் வேலைப் பிரதியில்தான் கிடைக்கும். அங்கும் யார் என்ன பேசினார் என்று வார்த்தைக்கு வார்த்தை இராது. வரைவையும் இறுதி வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி அடிபட்டது என்று பாருங்கள். சர்ச்சை அங்கேதான் நடந்திருக்கும். அப்புறம் அந்த வரைவைத் தயாரித்த துறையின் கோப்புக்குப் போங்கள். தொடக்க ஆண்டுகளுக்கு, கட்சித் தலைவராகவும் கிழக்கு ஜெர்மனியின் அதிபராகவும் இருந்த வில்ஹெல்ம் பீக்கின் கையெழுத்துக் குறிப்புகள் (கோப்புத் தொகுதி என்ஒய் 4036) பெரும் புதையல்.

புத்தக அடிக்குறிப்பில் உள்ள எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்தால் கோப்பு கைக்கு வராமல் போகலாம். பல கோப்புகளுக்கு இப்போது, இந்தக் கட்சிக் கோப்புத் தொகுதியின் குறியீடான ‘டிஒய் 30’ என்பதோடு புது எண் தந்திருக்கிறார்கள். இந்தக் கோப்புகளை வைத்திருக்கும் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ‘இன்வேனியோ’ இணையத் தேடலில் பழைய எண்ணைக் கொடுத்துப் புது எண்ணைப் பிடியுங்கள். உங்கள் ஆய்வேட்டில் இரண்டையும் எழுதுங்கள், பின்னால் வருபவர் அலைய வேண்டாம்.

கேள்வி: இவையெல்லாம் ஸ்டாசி கோப்புகள்தானே? 30 ஆண்டு தடை உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் வேறு. ஸ்டாசி உளவுத்துறையின் கோப்புகள் 2021 ஜூன் முதல் அதே கூட்டாட்சிக் காப்பகத்தின் பொறுப்பில் இருந்தாலும், அவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. கட்சிக் கோப்புகளுக்கு 30 ஆண்டு தடை கிடையாது. தனிநபர் கோப்புகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும்: அவர் இறந்து 10 ஆண்டு; இறந்த ஆண்டு தெரியாவிட்டால் பிறந்து 100 ஆண்டு. இறந்த ஆண்டுக்குச் சான்று கையில் இருந்தால் விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். மாவட்டக் கட்சிக் காப்பகங்களின் தாள்கள் கூட்டாட்சிக் காப்பகத்தில் இல்லை. அந்தந்த மாநிலக் காப்பகங்களில் தேடுங்கள்.

கேள்வி: பெர்லினில் படித்தவர் ஒருவரின் பெட்டி எங்கள் நூலகத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே 1960-களின் கட்சிச் சுற்றறிக்கைகள். ஊதா எழுத்து மங்குகிறது. லேமினேட் செய்யலாமா?
– நூலகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். லேமினேஷனின் சூடும் பசையும் தாளை விட்டு எந்நாளும் பிரியா. ஊதா எழுத்து, ஆல்கஹாலால் சாயத்தைத் தாளுக்கு மாற்றும் ஸ்பிரிட் நகலெடுப்பில் வந்தது. அந்தச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும், ஆல்கஹாலில் கரையும், பிவிசி பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக் கசியும். சைக்ளோஸ்டைலின் கறுப்பு மையோ கெட்டியானது. ஆகவே முதலில் ஊதாத் தாள்களை 400 டிபிஐ வண்ண ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

எதையும் பிரிப்பதற்கு முன் பெட்டி வந்த அடுக்கிலேயே படம்பிடித்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் மென்மையான பென்சிலால் எண்ணிடுங்கள். தேதி வாரியாகவோ தலைப்பு வாரியாகவோ அடுக்கிவிடும் ஆசைதான் பெரிய கேடு. எந்தக் கடிதத்தோடு எந்த அறிக்கை போனது என்பது அத்தோடு அழிந்துபோகும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுத்தால் தாள் கிழியும். அடியில் பாலியஸ்டர் பட்டையைச் செருகி, கால்களை நிமிர்த்தி மெல்ல எடுங்கள். பிறகு நெடுநாள் கெடாத தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரத் தாள் உறையில், உறைக்கு 30–40 தாளாக, இருட்டான அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். செலோடேப் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். அதைப் பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.