மெடூசாவின் கூந்தல் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். பெரும்பாலும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். இந்த மாதம் கிரேக்கக் கதைகள். பாம்புக் கூந்தலும், பார்த்தவரைக் கல்லாக்கும் முகமும் கொண்ட மெடூசா பிறவியிலேயே அரக்கி என்று சொல்லிவிட்டேன். ஒரு சிறுமி எழுந்து, "இல்லை, அவள் அதீனா தேவி கோயிலின் பூசாரி, அழகான பெண். கடல்தெய்வம் பொசைடன்தான் அவளுக்குத் தீங்கு செய்தார். ஆனால் அதீனா அவளைத் தண்டித்துவிட்டாள்" என்றாள். இன்னொரு பையன், அவள் தலையை வெட்டிய வீரன் பெர்சியஸ் பறக்கும் குதிரையில் வந்து கிராக்கன் என்ற கடல் அரக்கனைக் கொன்றதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து தேடினால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. இதில் எது மூலக்கதை? அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமிக்கு என்ன பதில் சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்னதும் பழைய நூலில் இருக்கிறது, அந்தச் சிறுமி சொன்னதும் இருக்கிறது, 'பூசாரி' என்ற ஒரு சொல்லைத் தவிர. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 700 ஆண்டுகள். கிரேக்கத் தொன்மத்துக்கு வேதநூல் என்று ஒன்று கிடையாது. ஆகவே 'எது மூலம்' என்று கேட்பதைவிட 'இதை யார் சொன்னார், எப்போது சொன்னார்' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் குழப்பம் பெருமளவு தெளிந்துவிடும்.

இலியட், ஒடிசி காவியங்களைப் பாடிய ஹோமரிடம் மெடூசா என்ற பெயரே இல்லை. கோர்கோன் என்ற கொடிய தலை மட்டும் வருகிறது. இலியட்டில் அது அதீனாவின் மார்புக்காப்பிலும் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானின் கேடயத்திலும் இருக்கிறது. ஒடிசியில் பாதாளத்தின் வாசலில் நிற்கும் ஒடிசியஸ், பாதாள அரசி பெர்சிஃபோனி அந்தத் தலையை அனுப்பிவிடுவாளோ என்று அஞ்சித் திரும்பிவிடுகிறான். உடல் இல்லை, வரலாறு இல்லை, வெறும் முகம். கிரேக்கர்கள் அந்த முகத்தைக் கண்ணேறு கழிக்கும் சின்னமாகக் கேடயத்திலும் கூரை ஓட்டிலும் நாணயத்திலும் வைத்தார்கள்.

கதை கிடைப்பது கிரேக்கக் கவிஞர் ஹெசியடிடம். கி.மு. 700ஐ ஒட்டி அவர் இயற்றிய தியோகனி, தெய்வங்களின் வம்சாவளியைப் பாடும் நூல். ஆயிரம் வரிக்குச் சற்று மேல் இருக்கும். அதில் 270ஆம் வரியிலிருந்து ஒரு பதினைந்து வரிகளை மட்டும் எடுத்துப் படியுங்கள். கடல்தெய்வங்களான ஃபோர்கிஸுக்கும் கீட்டோவுக்கும் பிறந்தவர்கள் கோர்கோன்கள் மூவர்: ஸ்தெனோ, யூரியாலே, மெடூசா. உலகைச் சுற்றி ஓடும் ஓசியானஸ் நதிக்கு அப்பால், இரவின் எல்லையில் வசிக்கிறார்கள். மூத்த இருவருக்கும் சாவும் இல்லை, முதுமையும் இல்லை. மெடூசா மட்டும் சாகப் பிறந்தவள். வசந்தப் பூக்கள் நிறைந்த மெல்லிய புல்வெளியில் பொசைடன் அவளோடு கூடுகிறார். அங்கே கோயிலும் இல்லை, சாபமும் இல்லை, அதீனாவும் இல்லை. பெர்சியஸ் அவள் தலையை வெட்டியதும் பெகசஸ் என்ற குதிரையும் கிரைசாயோர் என்பவனும் வெளியே பாய்கிறார்கள்.

ஹெசியடுக்கு மெடூசாவின் முகத்தில் அக்கறையே இல்லை. பாம்புக் கூந்தலைப் பற்றி இந்த வரிகளில் ஒரு சொல்கூடக் கிடையாது. அவருக்கு வேண்டியது அவள் வயிறு. கிரைசாயோரின் மகன் மூன்று தலை கெரியோன். அவனை ஹெராக்ளிஸ் கொல்வான். பெகசஸும் அதில் ஏறும் வீரன் பெலரோஃபோனும் சேர்ந்து கிமேரா என்ற கொடிய விலங்கைக் கொல்வார்கள். அரக்கர் குலத்துக்கும் அவர்களை அழிக்கப்போகும் வீரர்களுக்கும் நடுவில் ஒரு இணைப்புக் கண்ணி வேண்டியிருந்தது. அந்தக் கண்ணிதான் மெடூசா. 'பிறவியிலேயே அரக்கி' என்று நீங்கள் சொன்னது இந்த அடுக்கைச் சேர்ந்தது.

சிற்பங்களும் இதையே சொல்கின்றன. கோர்ஃபு தீவின் ஆர்டெமிஸ் கோயில் முகப்பில், சுமார் கி.மு. 580இல் செதுக்கிய மெடூசா ஏறத்தாழ ஆள் உயரத்தின் ஒன்றரை மடங்கு. பிதுங்கிய கண்கள், இடுப்பில் பின்னிப் பிணைந்த இரண்டு பாம்புகள். தலை கழுத்தின்மேல் இருக்கிறது. ஆனால் தலை போன பிறகு பிறக்க வேண்டிய பிள்ளைகள் இருவரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். முன்னும் பின்னும் நடந்ததை ஒரே கல்லில் காட்டிவிட்டான் சிற்பி. இதற்கும் முந்தைய ஒரு பொயோட்டியப் பெருஞ்சாடி பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. அதில் மெடூசாவுக்குப் பெண்ணின் உடலோடு குதிரையின் பின்பாதி ஒட்டியிருக்கிறது. பெர்சியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுத்தை அறுக்கிறான். கண்ணாடிபோல் மின்னும் கேடயம் அந்தக் காலத்துப் படங்களில் இல்லை. முகத்தைத் திருப்புவதுதான் உபாயம்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் முகம் மாறத் தொடங்குகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஓவியர் பாலிக்னோட்டஸ் வரைந்ததாகக் கொள்ளப்படும் ஒரு சாடி உள்ளது, காலம் கி.மு. 450–440. அதில் தூங்கும் மெடூசா எந்தக் கோரமும் இல்லாத இளம்பெண். அதற்கும் முன்பே, கி.மு. 490இல், கிரேக்கக் கவிஞர் பிண்டார் அவளை அழகிய கன்னங்கள் உடையவள் என்று பாடிவிட்டார். ஆக, அழகான மெடூசா ரோமர்களின் கற்பனை அல்ல. தண்டிக்கப்பட்ட மெடூசாதான் பின்னால் வந்தவள்.

அவளை நமக்கு விரிவாகக் காட்டுபவர் ஓவிட், லத்தீன் மொழியில் எழுதிய ரோமக் கவிஞர். மெட்டமார்ஃபோசிஸ் ('உருமாற்றங்கள்') நூலை ஏறத்தாழ முடித்த நிலையில், கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரைக்கு நாடுகடத்தினார். அந்நூலின் நான்காம் பகுதி முடியும் இடத்தில் சுமார் பத்து வரிகள். பெர்சியஸின் மணவிருந்தில் ஒருவர் அவனிடம் கேட்கிறார்: சகோதரிகளில் அவளுக்கு மட்டும் கூந்தலில் பாம்புகள் வந்தது எப்படி? பெர்சியஸ் சொல்கிறான்: அவள் பேரழகி, பலர் மணக்க விரும்பினார்கள், எல்லாவற்றிலும் அழகு கூந்தல். நெப்டியூன் (பொசைடனின் ரோமப் பெயர்) மினர்வாவின் (அதீனாவின் ரோமப் பெயர்) கோயிலில் அவளைப் பலவந்தம் செய்தார். மினர்வா முகத்தைத் திருப்பிக் கண்ணை மறைத்துக்கொண்டாள். பிறகு அது தண்டனையின்றிப் போகக்கூடாதென்று கூந்தலைப் பாம்புகளாக்கினாள்.

இந்தப் பத்து வரிகளையும் ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும். மெடூசா பூசாரி என்று ஓவிட் சொல்லவில்லை. கன்னிமை விரதம் பூண்டவள் என்றும் சொல்லவில்லை. இவை இரண்டும் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. மாறியது கூந்தல் மட்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் சொல்கிறவன் அவளைக் கொன்றவன். அவளுக்கு நேர்ந்ததை அவள் வாயால் நாம் கேட்பதே இல்லை. ஓவிட் இதை அறிந்தே செய்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். தெய்வம் தவறு செய்கிறது, உடல் மாறுவது மனிதருக்கு. அந்த நூல் நெடுக இதே அநியாயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சிறுமிக்குப் பொறுக்காமல் எழுந்து நின்றது இதனால்தான். அவள் கதையைச் சரியாகவே கேட்டிருக்கிறாள்.

பாதுகாப்புக்காகத்தான் அதீனா அவளுக்குப் பாம்புகளைக் கொடுத்தாள் என்று இப்போது ஒரு வடிவம் உலவுகிறது. பழைய நூல் எதிலும் அது இல்லை. நம் காலத்தவர் தரும் விளக்கம்.

பெர்சியஸின் பயணத்தை வரிசையாகச் சொல்ல அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் நூலகம் என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதி, நான்காம் அத்தியாயம். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் தொகுத்த கைநூல். கவிதை கிடையாது, ஆனால் யார் எதைக் கொடுத்தார்கள் என்ற கணக்கு துல்லியம். ஒற்றைக் கண்ணையும் ஒற்றைப் பல்லையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் மூன்று கிராயைக் கிழவிகளிடம் அவற்றைப் பறித்து, நிம்ஃபுகள் என்ற தேவதைகள் இருக்கும் வழியைத் தெரிந்துகொள்கிறான். நிம்ஃபுகள் தருவது மூன்று: சிறகுச் செருப்பு, கிபிசிஸ் என்ற பை, அணிந்தவரை மறைக்கும், பாதாள அரசன் ஹேடிஸின் தொப்பி. அரிவாள் ஹெர்மஸ் தெய்வம் கொடுத்தது. கோர்கோன்கள் தூங்கும்போது, வெண்கலக் கேடயத்தில் பிம்பத்தைப் பார்த்தபடி வெட்டுகிறான். அதீனா அவன் கையைப் பிடித்து வழிநடத்துகிறாள். தலை பைக்குள் போகிறது. சகோதரிகள் விழித்துத் துரத்துகிறார்கள். தொப்பி இருப்பதால் அவன் கண்ணில் படுவதில்லை. தொப்பி எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பலர் இந்தத் துரத்தலை விட்டுவிடுவதால், சொல்லும்போது தொப்பிக்கு வேலையே இல்லாமல் போகிறது.

பையன் சொன்ன குதிரைக்கு வருவோம். பெகசஸ் மெடூசாவின் கழுத்திலிருந்து பிறக்கிறது. பெர்சியஸ் அதில் ஏறுவதில்லை. அவன் பறப்பது செருப்பால். ஏறியவன் பெலரோஃபோன். பிற்கால ஐரோப்பிய ஓவியங்கள் பெர்சியஸையும் குதிரையில் ஏற்றிவிட்டன. பெர்சியஸ் காப்பாற்றிய இளவரசி ஆண்ட்ரோமெடாவை விழுங்க வந்தது கீட்டோஸ் என்னும் கடல்விலங்கு. கிராக்கன் நார்வேக் கடலோரத்துக் கதைகளைச் சேர்ந்தது. அதைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தது திரைப்படம்.

சனிக்கிழமை என்ன செய்யலாம்? ஒரே அமர்வில் ஒரே வடிவம் சொல்லுங்கள். கலந்தால் கதை உடையும் இடம் ஒன்று உண்டு: மெடூசா மனிதப் பெண்ணாயிருந்து தண்டிக்கப்பட்டவள் என்றால், சாவில்லாத அந்த இரண்டு கோர்கோன் சகோதரிகள் எங்கிருந்து வந்தார்கள்? பிள்ளைகள் இதைக் கட்டாயம் பிடிப்பார்கள். ஹெசியட் வடிவைச் சொல்வதானால் அதீனாவின் தண்டனை வேண்டாம். ஓவிட் வடிவைச் சொல்வதானால் நெப்டியூன், மினர்வா என்ற பெயர்களையே வைத்துக்கொண்டு, இது ரோமர் சொன்னது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சிறுமியிடம், "நீ சொன்னது ஓவிட் சொன்ன கதை; நான் சொன்னது ஹெசியட் சொன்னது" என்றாலே போதும். வன்முறையை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விவரிக்க வேண்டியதில்லை. தவறு நெப்டியூனுடையது, தண்டனை அவளுக்கு என்ற அளவில் நிறுத்தலாம்.

நேரம் மிஞ்சினால் பிண்டாரின் பன்னிரண்டாம் பித்தியப் பாடலையும் சொல்லுங்கள். அதிகம் பேர் சொல்லாத பகுதி அது. அக்ரகாஸ் நகரத்து மிடாஸ் என்ற குழல் கலைஞன் டெல்ஃபி போட்டியில் வென்றதற்காகப் பாடியது. அவன் வாசித்தது ஔலோஸ், நாகசுரம்போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி. தங்கை இறந்ததும் யூரியாலே எழுப்பிய ஓலத்தை அதீனா கேட்டாளாம். கேட்டு, அதே ஓலத்தைக் குழலில் இசையாக அமைத்து, 'பல தலைப் பண்' என்று பெயரிட்டு மனிதருக்குக் கொடுத்தாளாம். கொல்லக் கைகொடுத்த தெய்வமே அந்த அழுகையையும் காத்து வைத்திருக்கிறாள். பிண்டார் காலத்தில் அந்தப் பண்ணைப் போட்டிகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்புடன்.