அலுமினியக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்கிறார்களே, அது உண்மையிலேயே லாபமா?

எடுக்கலாம், அதில் சந்தேகமே இல்லை. அலுமினியம் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறும். அப்படியானால் சமையல் பாத்திரம் ஏன் கரைவதில்லை என்று கேட்பீர்கள். காற்று பட்டதுமே அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம் உருவாகி, தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. அந்தப் படலத்தை உடைப்பதுதான் முழு வித்தையும்: சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா என்ற காரம்) கரைசல் அதைக் கரைக்கும், அல்லது காலியம், இண்டியம் என்ற இரண்டு மென்மையான உலோகங்களின் கலவை அலுமினியத்துக்குள் ஊடுருவிப் படலம் மறுபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் (காலியம் விலை அதிகம், திரும்ப மீட்டெடுக்காவிட்டால் கட்டுப்படியாகாது).

சரி, லாபக் கணக்கு. 1 கிலோ சுத்தமான அலுமினியம் சுமார் 111 கிராம் ஹைட்ரஜன் தரும், அதன் ஆற்றல் ஏறக்குறைய 3.7 யூனிட், கிட்டத்தட்ட அதே அளவு வெப்பமாகவும் வெளிவரும், அதைப் பயன்படுத்தாவிட்டால் பாதி போச்சு. ஆனால் தாதுவிலிருந்து அந்த 1 கிலோவை உருவாக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஏற்கெனவே செலவாகியிருக்கிறது, பழைய உலோகத்தை உருக்கி மறுசுழற்சி செய்யவோ அதில் 5 சதவீதம் அளவே போதும். அதனால் நல்ல டப்பா, கம்பி, சட்டம் எல்லாவற்றையும் உருக்குவதே புத்திசாலித்தனம். பிளாஸ்டிக்கோடு ஒட்டிய தாள், உருக்காலைக் கசடு மாதிரி உருக்கச் சிரமமான கழிவுக்குத்தான் இந்த வழி பொருந்தும்.

அப்புறம், வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்க ஒரு தீப்பொறி போதும், காரக் கரைசலும் கொதித்துத் தெறிக்கும்.