நிச்சயதார்த்தத்தை வீடியோ எடுக்க ஆளைப் பேசி முடிப்பதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

உங்கள் கேள்வியிலிருந்து எடுத்துக்கொண்டது இது: உள்ளரங்கு, மாலை நேரம், ஏறத்தாழ 150 பேர், நான்கு மணி நேர நிகழ்ச்சி. மோதிரம் மாற்றுவார்கள், நாலைந்து பேர் பேசுவார்கள், கடைசியில் ஆட்டம் பாட்டம். மூன்று வீடியோகிராஃபர்களிடம் விசாரித்திருக்கிறீர்கள். மூவருடைய மாதிரி வீடியோவும் நன்றாக இருப்பதால் யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

மாதிரி வீடியோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று நிமிட ஹைலைட்ஸ் என்பது பல மணி நேரப் பதிவில் தேறிய மிக நல்ல ஷாட்டுகளை மட்டும் பொறுக்கி, மேலே ஒரு பாட்டைப் போட்டுச் செய்வது. ஃபோகஸ் தவறிய இடமும் ஆடிப்போன இடமும் அதில் வராது. பெரும்பாலும் பேச்சே இருக்காது என்பதால் ஒலி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்றும் தெரியாது. மூவரிடமும் இதைக் கேளுங்கள்: இதே போல உள்ளரங்கில், விளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஒரு விழாவின் முழு வீடியோ. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று சொன்னால் அது நியாயமான பதில், உங்கள் வீடியோவையும் அவர் அப்படித்தான் பாதுகாப்பார். அவர் இடத்துக்கே போய் அவர் கணினியில் பதினைந்து நிமிடம் பாருங்கள். கையோடு ஒரு ஹெட்போன் கொண்டு போங்கள். யாராவது பேசும் இடத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தால் அந்த ஆளுக்குத் தொழில் தெரியும்.

ஒலியை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கும். குரல் புரியாத வீடியோவை ஒரு தடவை போட்டுவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். கேமராவோடு வரும் மைக்கில் மட்டும் பதிந்தால் ஏசி இரைச்சலும் நாற்காலி இழுபடும் சத்தமும் முன்னால் நிற்கும், பேசுபவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். கேமரா அவரிடமிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நிற்கிறது. அந்தத் தூரத்தில் அவர் வாயிலிருந்து நேரே வரும் ஒலியைவிடச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிதான் மைக்கை அதிகம் எட்டுகிறது. எடிட்டிங்கில் இரைச்சலை ஓரளவு குறைக்கலாம், எதிரொலியை முழுசாகக் கழற்ற முடியாது.

அதனால் ஒலியை இரண்டு வழியில் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று, அரங்கின் மிக்ஸரிலிருந்து (எல்லா மைக் ஒலியும் வந்து சேரும் பெட்டி) நேரடி லைன் எடுத்துத் தனி ரெக்கார்டரில் பதிவது. மற்றொன்று, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு காலர் மைக். மிக்ஸர் லைன் இருந்தாலும் காலர் மைக் வேண்டும், ஏனென்றால் மோதிரம் போடும்போது இருவரும் மெதுவாகப் பேசிக்கொள்வது அரங்க மைக்கில் ஏறாது. காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே, சங்கிலியோ துணியோ உரசாத இடத்தில் மாட்ட வேண்டும். ரெக்கார்டரில் மிக உரத்த குரலே மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி அளவு வைப்பது வழக்கம். மேல் எல்லையான பூஜ்யத்தைத் தொட்டால் குரல் வெட்டுப்பட்டுக் கரகரக்கும், அதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (மிக உரத்த ஒலியையும் வெட்டாமல் பதியும் வகை) இருப்பதால் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். ரெக்கார்டரில் அளவைத் தவறாக வைத்துவிட்டால்தான் அது காப்பாற்றும். மிக்ஸரிலிருந்து வரும்போதே வெட்டுப்பட்ட ஒலியை எந்த ரெக்கார்டரும் மீட்காது. அரங்கின் ஒலி ஆளையும் வீடியோகிராஃபரையும் முந்தின நாளே போனில் பேச வைத்து, மிக்ஸரில் எந்த வகை அவுட்புட் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கேபிளின் முனை பொருந்தாமல் போய் லைன் கிடைக்காமல் நிற்பது இந்த வேலையில் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது வெளிச்சம். அரங்கில் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவது கேமராவுக்குப் போதாது. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுவார்கள், முகத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். கேமரா தலையிலேயே ஒரு விளக்கை மாட்டினால் முகம் வெளுத்து, பின்னால் இருப்பதெல்லாம் இருண்டுவிடும், பேசுபவருக்கும் கண் கூசும். மேடைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரியில், தலைக்கு மேலான உயரத்தில், மென்மையாக்கிய எல்இடி விளக்கு ஒவ்வொன்று ஸ்டாண்டில் நின்றால் போதும். அந்த விளக்குகளை யார் கொண்டுவருகிறார்கள், அலங்காரக்காரரா வீடியோக்காரரா என்பதை முன்னாலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் மற்றவர் கொண்டுவருவார் என்று நினைத்துக்கொண்டு வருவது உண்டு.

நீலம், ரோஸ் நிறத்தில் சுற்றும் டிஜே விளக்குகளை மோதிரம் மாற்றும்போதும் பேச்சின்போதும் அணைத்துவைக்கச் சொல்லுங்கள். அடர்ந்த நீல வெளிச்சத்தில் முகத்தின் சிவப்பும் பச்சையும் பதிவாகவே பதிவாகாது. பதியாத நிறத்தை எடிட்டர் எங்கிருந்து கொண்டுவருவார்? ஆட்டத்தின்போது அதே விளக்குகள் அழகுதான், தாராளமாகச் சுற்றட்டும்.

எல்இடி திரையோ மலிவான எல்இடி விளக்குகளோ இருந்தால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும் அபாயம் உண்டு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) நொடியில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். திரைக்கு மட்டும் சில நேரம் அதன் புதுப்பிப்பு வேகத்துக்கு ஏற்ப நுணுக்கமாக மாற்ற வேண்டியிருக்கும். “எல்இடி திரை இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஷட்டரைப் பற்றிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள்.

இனி மோதிரம். மொத்த விழாவிலும் திரும்ப எடுக்க முடியாத சில நொடிகள் இவைதான், இங்கேதான் அதிகம் தவறுகிறது. இருவரும் நேருக்கு நேர் நின்றுகொண்டு, போடுகிறவர் விரலைப் பார்க்கக் குனிவார். தலையும் முடியும் கையை மறைக்கும். மோதிரம் பிடித்த கை விரலுக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்துவிடும். அதே நொடியில் முன்வரிசையில் பத்துப் பேர் போனோடு எழுந்து நிற்பார்கள். கேமராவில் பதிவாவது ஒரு முதுகும் கைதட்டல் சத்தமும்தான்.

இதைத் தவிர்க்க இருவரும் முதல் நாள் இரண்டு நிமிடம் பழகிப் பார்த்தாலே போதும். நேருக்கு நேர் நிற்காமல், இருவரும் கேமரா பக்கம் பாதி திரும்பி, வி எழுத்தின் இரு கோடுகள் போல நிற்க வேண்டும். கைகள் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், அப்போது குனிய வேண்டியிருக்காது. மோதிரத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடிக்க, மற்ற மூன்றும் உள்ளே மடங்கியிருக்கட்டும். விரலில் பாதி ஏறியதும் இரண்டு நொடி நிறுத்திவிட்டு மீதியை ஏற்றலாம். வெக்கையிலும் நெரிசலிலும் விரல் வீங்கி மோதிரம் கணுவில் நின்றுவிட்டால் அழுத்தக்கூடாது, மெல்லச் சுழற்றினால் இறங்கும். உறவினர்கள் ஜோடிக்குப் பின்னால் நிற்கட்டும். முன்னால் மூன்று மீட்டர் தள்ளி ஒரு கோடு மாதிரித் தரையில் டேப் ஒட்டி, அதைத் தாண்டி வீடியோ, போட்டோ ஆட்களைத் தவிர யாரும் வரக்கூடாது என்று தொகுப்பாளர் மைக்கில் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்.

இந்த இடத்தில் லென்ஸ் பற்றியும் ஒன்று. பின்னணி அழகாக மங்க வேண்டும் என்று லென்ஸின் துளையை எஃப் 1.4இல் (எண் குறைந்தால் துளை பெரிது) திறந்து வைத்து எடுத்தால் இருவரில் ஒருவர் முகம்தான் கூர்மையாக இருக்கும், ஒரு அடி பின்னால் நிற்கிறவர் மங்கிப்போவார். மோதிரம் மாற்றும்போது எஃப் 2.8 முதல் 4 வரை பாதுகாப்பு. அதற்குத் தேவையான வெளிச்சத்துக்குத்தான் மேலே சொன்ன ஸ்டாண்டு விளக்குகள்.

150 பேர் விழாவுக்கு இரண்டு கேமரா வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஒன்று முக்காலியில் நின்று முழு மேடையையும் நிறுத்தாமல் பதியட்டும். மற்றது ஒருவர் கையில் நகர்ந்து முகங்களைத் தேடட்டும். ஒரே கேமராவை வைத்து ஓடுபவர் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் நிகழ்ச்சியில் ஓட்டை விழும். முக்காலிக் கேமராவில் கவனிக்க வேண்டியது பதிவின் நீளம். வீடியோவும் எடுக்கும் ஸ்டில் கேமராக்களில் பல, குறிப்பாகப் பழைய மாடல்கள், 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். வேறு சில 4கே பதிவில் சூடேறி அணையும். ஆள் பக்கத்தில் இல்லாமல் விட்ட கேமரா அப்படி நின்றால் யாருக்கும் தெரியாது.

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிந்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். நான்கு மணி நேரத்துக்கு இரண்டு கேமராவும் சேர்ந்து 360 ஜிபி. ஒரு 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரத்துக்கே போதாது. எத்தனை கார்டு, எத்தனை பேட்டரி கொண்டுவருகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு கார்டு இடமுள்ள கேமராவில் ஒரே பதிவை இரண்டிலும் சேர்த்து எழுத முடியும். அந்த வசதியை ஆன் செய்து வைப்பாரா என்பதுதான் கேள்வி. கார்டு பழுதானால் விழாவே போய்விடும், ஆகவே இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று இரவே இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: வரப்போகும் ஆளின் பெயர் (உங்களிடம் பேசியவரும் அன்று கேமராவோடு வருபவரும் வேறு வேறாக இருக்கலாம், மாதிரி பார்த்தது யாருடைய வேலை என்று கேளுங்கள்), அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூடுதல் மணிக்கு எவ்வளவு, தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், முதல் வெர்ஷன் என்றைக்கு வரும், எத்தனை முறை திருத்தம், மூலப் பதிவை எத்தனை மாதம் வைத்திருப்பார், உங்கள் வீடியோவைத் தன் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: உறுதி செய்யும்போது ஒரு பங்கு, விழா அன்று ஒரு பங்கு, கடைசிப் பங்கு வீடியோ கைக்கு வந்த பிறகு. முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்பவரிடம் தாமதத்தைக் கேள்வி கேட்க உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது.

அவுட்புட் என்னென்ன என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிட ஹைலைட்ஸ், மோதிரமும் பேச்சுகளும் வெட்டாமல் உள்ள முழு வீடியோ, போனில் பகிர ஒரு நிமிடத்துக்குள் ஒரு நெட்டு வீடியோ (போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் செங்குத்து வடிவம்). ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் முழு வீடியோவை வாங்குங்கள். ஹைலைட்ஸைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். நெட்டு வீடியோ வேண்டும் என்பதை விழாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அகலமாக எடுத்ததைப் பிற்பாடு நெட்டாக வெட்டினால் இருவரில் ஒருவர் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார். மூலப் பதிவையும் கேட்டு வாங்கலாம், ஆனால் அது லாக் என்ற, நிறத்தை அடக்கிப் பதியும் முறையில் எடுத்ததாக இருந்தால் சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும். அது பழுதல்ல, நிறம் திருத்துவதற்காக அப்படி எடுப்பதுதான். திரைப்படப் பாட்டுப் போட்ட வீடியோவை இணையத்தில் ஏற்றினால் உரிமைக் காரணத்தால் ஒலி முடக்கப்படலாம், வீடியோவே தடுக்கப்படலாம். பகிரப்போகும் வெர்ஷனுக்கு உரிமம் வாங்கிய இசையைக் கேளுங்கள்.

நேரலை வேண்டுமானால் அதற்குத் தனி இணைப்பு தேவை. 1080பி (ஃபுல் எச்டி) நேரலைக்கு நொடிக்கு 5, 6 மெகாபிட் போகும், அதைப் போல இரு மடங்கு அப்லோடு வேகம் நிலையாக இருந்தால்தான் நிம்மதி. வெறும் அரங்கில் சோதித்தபோது ஓடிய மொபைல் டேட்டா, 150 போன்கள் உள்ளே வந்ததும் திணறும். ட்ரோன் உள்ளரங்கு விழாவுக்குத் தேவையில்லை, அந்தப் பணத்தை இரண்டாவது கேமராவில் போடுங்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன் ஒரு பக்கத்தில் நிகழ்ச்சி நிரலை எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு என்ன, யார் பேசுகிறார்கள், எந்தப் பெரியவர்கள் கட்டாயம் வீடியோவில் வர வேண்டும். பெயர் மட்டும் எழுதினால் அவருக்கு யார் யாரென்று தெரியாது. இரு வீட்டாரையும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் அவர் விரலால் காட்டுவார். குழு ஒரு மணி நேரம் முன்னால் வந்து விளக்கும் மைக்கும் சோதித்துவிட வேண்டும். விருந்தினர் வருவதற்குள் ஜோடியை மட்டும் இருபது நிமிடம் அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள், பிற்பாடு அந்த நிதானம் கிடைக்காது.

முதல் வெர்ஷன் வந்ததும் வீட்டில் எல்லாரும் தனித்தனியாகப் போன் போட்டுத் திருத்தம் சொல்லாதீர்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து, 12:40இல் சித்தப்பா பெயர் தவறு, 31:15இல் பேச்சு பாதியில் வெட்டியிருக்கிறது என்று நிமிடக் கணக்கோடு ஒரே பட்டியலாக அனுப்பட்டும். கடைசிப் பங்கைக் கொடுக்கும் முன் பென்டிரைவை உங்கள் வீட்டு டிவியில் சொருகிப் பாருங்கள். எச் 265 என்ற புதிய சுருக்க முறையில் உள்ள கோப்பைப் பல பழைய டிவிகள் திறக்காது, பென்டிரைவின் ஃபார்மட்டையே சில டிவிகள் ஏற்காது. அப்படியானால் பழைய முறையான எச் 264இல், டிவி ஏற்கும் ஃபார்மட்டில், 1080பி நகல் ஒன்று கேளுங்கள், அவருக்கு அது சிறிய வேலை. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் ஓடவிட்டு, உதட்டசைவும் குரலும் ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.