ஆங்கிலத் தொடர்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: இணையவழிக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். அமெரிக்கரான குழுத் தலைவர் 'லெட்ஸ் டேபிள் இட்' என்றார். நான் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தேன். எல்லோரும் விழித்தார்கள். ஏன்?

பதில்: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதற்கு 'விவாதத்துக்கு எடுப்போம்' என்று பொருள். அமெரிக்காவில் நேர் எதிர்: 'இப்போதைக்கு ஒத்திவைப்போம்.' நீங்கள் முதல் பொருளில் எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். பெரிய பெரிய ஆட்களே இதில் சிக்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை உடனே பேச வேண்டும் என்று 'டேபிள்' செய்யச் சொன்னார்கள். அதைக் கிடப்பில் போடச் சொல்வதாக நினைத்து அமெரிக்க அதிகாரிகள் மறுத்தார்கள். வாக்குவாதம் நீண்டு காரசாரமாகவே ஆகிவிட்டது என்று சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்!

இரு நாட்டவரும் இருக்கும் கூட்டத்தில் இந்தத் தொடரை நீங்கள் பயன்படுத்தாதீர்கள். மற்றவர் சொன்னால், 'இப்போதே பேசலாமா, அப்புறமா?' என்று கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே கேட்டுத் தெளிய வேண்டிய இடம் இது.

கேள்வி: கூரையில் படுத்திருந்த பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டுகிறது) என்ற தொடர் வந்ததாமே?

பதில்: இல்லை. அது 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை. 1738-இல் 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டின் எழுத்திலேயே இந்தத் தொடர் இருக்கிறது; எப்படிப் பிறந்தது என்பதற்குத்தான் உறுதியான சான்று இல்லை. பாடப் புத்தகங்களில் வரும் அளவுக்கு இது பேச்சில் வருவதும் இல்லை. 'இட்ஸ் ரெய்னிங் ஹார்ட்' என்றாலே போதும்.

கேள்வி: 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால் கவனிக்கத் தவறுவதா?

பதில்: கவனித்துவிட்டு, கண்டும் காணாமல் இருப்பது. 1801-இல் கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கச் சொல்லி மேலதிகாரி கொடி காட்டினார். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பார்வையில்லாத தன் வலக் கண்ணில் தொலைநோக்கியை வைத்து, சைகை எதுவும் தெரியவில்லை என்றாராம். வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் பொருளை மனதில் நிறுத்த இந்தக் கதை நன்றாக உதவும்: அவருக்குத் தெரியும், தெரிந்தே செய்தார். அதனால், கணக்கில் பிழையைப் பார்க்காமல் விட்ட சக ஊழியரைப் பற்றி இப்படி எழுதிவிடாதீர்கள். உடந்தை என்று குற்றம் சாட்டியதாகிவிடும். 'மிஸ்ட் இட்' என்று எழுதுங்கள்.

கேள்வி: நண்பரின் தந்தை இறந்துவிட்டார். இரங்கல் செய்தியில் 'கிக்ட் த பக்கெட்' என்று எழுதலாமா? 'இறந்தார்' என்றுதான் பொருள் போட்டிருக்கிறது.

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது நம் 'மண்டையைப் போட்டார்' போன்றது. பொருள் மட்டும் கொடுத்து, எந்த இடத்தில் சொல்லலாம் என்பதைச் சொல்லாமல் விடும் பட்டியல்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. ஒரு தொடரைக் குறித்துவைக்கும்போது யார், யாரிடம், எந்த மனநிலையில் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இங்கே 'பாஸ்ட் அவே' பொருந்தும். ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், இன்றே நண்பரை அழைத்துப் பேசிவிடுங்கள்.