மண்ணெண்ணெய் கொட்டிய அலுமாரியில் கரி வைத்தால் வாடை போகுமா?

கேள்வி இது: நுவரெலியாவில் ஒரு வீட்டில் சமையலறை அலுமாரிக்குள் மண்ணெண்ணெய்ப் போத்தல் சரிந்துவிட்டது. துடைத்தும் வாடை போகவில்லை, பக்கத்தில் இருந்த தேயிலைத்தூளும் நாறுகிறது. அடுப்புக்கரி வைத்தால் இழுக்குமா? காஸ் வாடைக்கும் அதே கரி உதவுமா?

மண்ணெண்ணெய்க்குக் கரி உதவும், ஆனால் அடுப்பில் அள்ளிய கரி போதாது. காஸுக்கு வைக்கவே வேண்டாம்.

கரி எதையும் தூரத்திலிருந்து இழுப்பதில்லை. காற்றோடு வந்து தன்மேல் முட்டும் மூலக்கூறைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பாடசாலையில் புறத்துறிஞ்சல் என்று படித்தது இதைத்தான். சிரட்டைக் கரியை 800 பாகைக்கு மேல் நீராவியில் வாட்டிச் செய்யும் ‘அக்டிவேட்டட் காபன்’ ஒரு கிராமில் ஏறக்குறைய 1000 சதுர மீற்றர் உட்பரப்பு இருக்கும். துளைகளில் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்கும் குறுகியவை. அந்த ஒடுக்கத்துக்குள் போன மூலக்கூறை எல்லாப் பக்கச் சுவரும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

எது தங்கும், எது தங்காது என்பதற்குக் கொதிநிலையைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். மெதேன் −161 பாகையில் கொதிப்பது, சாதாரண அமுக்கத்தில் கரியில் கொஞ்சமே நிற்கும். நிலத்தடி நிலக்கரிக்குள் அது நிறைய அடங்கியிருப்பது ஆழத்து அமுக்கத்தால்தான். வெட்டி அமுக்கம் குறைந்ததும் வெளியேறிச் சுரங்கத்தில் வெடிப்பதும் அதனால்தான். பியூட்டேன் பூச்சியம் பாகைக்கு அருகில் கொதிக்கும், ஓரளவு நிற்கும். பென்சீன் 80 பாகை, நன்றாகப் பிடிபடும். மண்ணெண்ணெய் சுமார் 150 முதல் 300 பாகை வரை கொதிக்கும் ஐதரோகாபன்களின் கலவை. ஒருமுறை ஏறினால் அறை வெப்பத்தில் இலேசில் இறங்காது.

அடுப்புக்கரியின் குறை என்னவென்றால், மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி), விறகு எரிந்த கரியில் துளைகளைத் தாரும் சாம்பலும் அடைத்திருக்கும். பார்பெக்யூ கரிக்கட்டியில் ஒட்டுவதற்கு மாப்பசையும் சேர்ந்திருக்கும். தண்ணீர் ஃபில்டருக்கும் மீன்தொட்டிக்கும் விற்கும் குறுணி அக்டிவேட்டட் காபனை வாங்குங்கள்.

மலைநாட்டில் உண்மையான தொல்லை ஈரம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 50 தாண்டினாலே நீர் காபன் துளைகளில் குடியேறத் தொடங்கும். நுவரெலியாவில் மழைக்காலத்தில் அது பெரும்பாலும் அதைவிட நன்றாக மேலேதான் நிற்கும். மண்ணெண்ணெய் போன்ற கனமான ஆவி அந்த நீரைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும், ஆனால் மெதுவாக. அதனால் காபனைக் காய வைத்துத்தான் பாவிக்க வேண்டும். புதிய காபனை மட்டும் தாச்சியில் மெல்லிய படையாகப் பரப்பிச் சிறு நெருப்பில் அரை மணி நேரம் கிளறுங்கள். குளிர்ந்த கண்ணாடி மூடியை மேலே பிடியுங்கள். மூடியில் பனி படியாவிட்டால் காய்ந்துவிட்டது. மூடிய தகரத்தில் ஆறவிடுங்கள். மண்ணெண்ணெய் ஏறிய காபனை ஒருபோதும் அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

அதற்கு முன்னால் திரவத்தை எடுத்தாக வேண்டும். 100 மில்லிலீற்றர் மண்ணெண்ணெய் சுமார் 80 கிராம். 100 கிராம் காபன் 10 முதல் 20 கிராம் பிடிக்கும் என்று வைத்தால், அதற்கே 400 முதல் 800 கிராம் வரை வேண்டும். எனவே மரத்தூள் தூவி ஒற்றி எடுங்கள், சவர்க்காரத் தூள் கலந்த சுடுநீரால் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள், கதவைத் திறந்து காயவிடுங்கள். பிறகு 300 கிராம் காபனை அகலத் தட்டில் விரலளவு உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, அலுமாரியில் கறை உள்ள அடுக்கில் வைத்துக் கதவை மூடுங்கள். குவித்து வைத்தால் மேல்படை மட்டும்தான் வேலை செய்யும். பலகை ஊறியிருந்தால் வாரக்கணக்கில் கக்கும், அதனால் வாரம் ஒருமுறை காபனை மாற்ற வேண்டும். நிறுத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; அங்கே ஏறும் எடையில் பாதி நீராக இருக்கலாம்.

சோதிக்கத் தேயிலையை விட நல்ல கருவி கிடையாது. காபனை வெளியே எடுத்துவிட்டு, புதுத் தூள் ஒரு கரண்டியைச் சிறு தட்டில் அலுமாரிக்குள் ஓரிரவு விடுங்கள். காலையில் வெறுந்தேநீராக ஊற்றி மோந்து பாருங்கள். துளி வாடையும் அதில் தெரிந்துவிடும். நாறிப்போன பழைய தூளைக் காபன் காப்பாற்றாது, கொட்டிவிடுங்கள்.

காஸுக்கு வருவோம். சமையல் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும். ஒரு கிலோ காபன் பிடிப்பது 12.5 கிலோ சிலிண்டரில் சொற்பம்தான். அதைவிட மோசம், கசிவை அறிவிக்கச் சேர்த்திருக்கும் மேர்கப்டன் என்ற நாற்றப் பொருளைக் காபன் முந்திப் பிடிக்கும். வாடை குறையும், காஸ் இருக்கும். காற்றில் நூற்றுக்கு 2 அளவு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கி நிற்கும். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, சுவிச்சைத் தொடாமல் வெளியே வாருங்கள். சவர்க்கார நுரை தடவிக் கசிவைத் தேடுவது காற்று மாறிய பிறகுதான்.