வேக ரயில் எங்கே நிற்கும்?

அன்புள்ள அண்ணனுக்கு,

கேரளத்தில் வேக ரயில் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எல்லாத் திட்டமும் திருவனந்தபுரத்தோடு நின்றுவிடுகிறது. இன்னும் எழுபது கிலோமீட்டர் வந்தால் நாகர்கோவில். பாதையை இங்குவரை நீட்டச் சொல்லி எம்.பி.க்கு மனு கொடுக்கப்போகிறோம். ஜப்பானில் இன்ஜினியர்கள் முடிவெடுத்தார்கள், ரயில் ஓடியது. இங்கே அரசியல்வாதிகள் முடிவெடுப்பதால்தான் எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தக்கலையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மனு கொடுங்கள். ஆனால் அதில் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு, நீங்கள் சொன்ன ஜப்பானிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஷின்கான்சென் என்ற வேக ரயில் ஓடத் தொடங்கியது 1964 அக்டோபர் 1 அன்று. அதைக் கொண்டுவந்தவர்கள் தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும். காரும் விமானமும் வந்துவிட்டன, இனி ரயிலுக்கு எதற்குப் பணம் என்று பலர் கேட்ட காலம் அது. உண்மையான செலவைச் சொன்னால் நாடாளுமன்றம் சம்மதிக்காது என்று சோகோவுக்குத் தெரியும். கணக்கை 20,000 கோடி யென்னுக்குள் சுருக்கிக் காட்டினார். வேலை முடிந்தபோது ஆனது ஏறக்குறைய 38,000 கோடி. 1961-இல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். ஆனால் உலக வங்கியிடம் கையெழுத்துப் போட்டபின் அடுத்து வரும் அரசு திட்டத்தைக் கைவிட முடியாது. கடன் வாங்கியதில் அந்தக் கணக்கும் இருந்தது. செலவு எகிறியது வெளியே வந்ததும், 1963-இல் இருவரும் பதவி விலகினார்கள். முதல் ரயில் கிளம்பிய விழாவுக்கு அவர்களுக்கு அழைப்பில்லை.

சோகோமீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அவர் செய்தது அரசியல், தம்பி. தண்டவாளம் போடுவது எப்படி என்று ஷிமாவுக்குத் தெரியும். போட வைப்பது எப்படி என்று சோகோவுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்பெயினைப் பாருங்கள். மாட்ரிட்டிலிருந்து பார்சலோனாவுக்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் முதல் வேகப் பாதை 1992-இல் செவில் நகரத்துக்குப் போனது. அந்த ஆண்டு உலகக் கண்காட்சி செவிலில் நடந்தது. பிரதமர் ஃபெலிப்பே கொன்சாலெஸின் சொந்த ஊரும் அதுதான். பார்சலோனா 2008 வரை காத்திருந்தது. பிரான்சில் பாரிஸ் – லில் பாதை அமியான் நகரத்தைத் தொடாமல் போனது. லில்லின் மேயராக இருந்தவர் முன்னாள் பிரதமர். அவர் பாதையை ஊருக்குள்ளேயே இழுத்துக்கொண்டார். அமியானுக்குக் கிடைத்தது ஊரைவிட்டுத் தள்ளி வயல்வெளியில் ஒரு நிலையம். பீட்ரூட் ஸ்டேஷன் என்றே அங்குள்ளவர்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அதனால் அரசியல்வாதி முடிவெடுப்பது எனக்குக் குறையாகப் படவில்லை. எந்தக் கட்டத்தில் எடுக்கிறார், அந்தக் கட்டத்தில் நாம் அங்கே இருக்கிறோமா என்பதுதான் என் கவலை.

கேரள அரசு போட்ட வேக ரயில் திட்டமான சில்வர்லைனையே எடுங்கள். கொச்சுவேளி முதல் காசர்கோடு வரை 529 கிலோமீட்டர், மதிப்பீடு 63,941 கோடி ரூபாய். பாதை போகும் இடத்தைக் குறிக்க மஞ்சள் கல் நடத் தொடங்கிய பிறகு, 2022 ஜனவரியில்தான் முழுத் திட்ட அறிக்கை மக்கள் கைக்கு வந்தது. வீட்டு முற்றத்தில் கல்லைப் பார்த்த பிறகு அறிக்கையைப் படித்தவர்கள் என்ன செய்வார்கள்? கல்லைப் பிடுங்கினார்கள். கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலம். அந்தப் பாதைக்குத் தேர்ந்தெடுத்தது ஸ்டாண்டர்ட் கேஜ். நம் தண்டவாளமோ அதைவிட அகலமான பிராட்கேஜ். அது வந்திருந்தாலும் நாகர்கோவிலிலிருந்து போகும் ஒரு ரயில்கூட அதில் ஏறியிருக்க முடியாது. நீங்கள் கேட்கும் நீட்டிப்புக்கான கதவு அந்த ஒரு வரியிலேயே சாத்தப்பட்டிருந்தது. நம் மாவட்டத்தில் யாராவது அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நமக்கு இது பழைய கதை. குமரி மாவட்டமாக 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தோம். 1979-இல்தான் ரயிலையே பார்த்தோம், அதுவும் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ். நாகர்கோவிலுக்கு இரண்டு பக்கமும் இரட்டைப் பாதைக்கு 2015-16-இல் ஒப்புதல் கிடைத்தது. நெல்லைப் பக்கம் 2024-இல் முடிந்தபோதும் திருவனந்தபுரம் பக்கம் முடியவில்லை. காலை பாசஞ்சரில் போய்ப் பாருங்கள். இரணியலில் எதிர் ரயிலுக்கு வழிவிட கிராசிங்குக்காக நிற்கும்போது, திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மைமார் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக சிக்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடைக்குமா என்பது ஒன்றே அவர்கள் நினைப்பு. அவர்களுக்கு வேண்டியது மணிக்கு 200 கிலோமீட்டர் அல்ல, இரண்டாவது தண்டவாளம். வேக ரயிலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இதை முந்திக்கொண்டு அது வரக்கூடாது.

இன்னொன்று. நான்குவழிச் சாலைக்கு அளந்தபோது வில்லுக்குறிப் பக்கம் என் சித்தியின் விளையிலும் கல் விழுந்தது. பதினெட்டு சென்ட், பன்னிரண்டு தெங்கு, ஒரு கிணறு. கல் கிணற்றுக்கு இரண்டடி தள்ளி. "ஏன் இந்த வழியா?" என்று சித்தி கேட்டதற்கு, நட்டவர் கையிலிருந்த தாளைக் காட்டி, "அலைன்மென்ட் மேலேருந்து வந்தது, அம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் போட்டு வருடங்கள் ஆகியிருந்தன. சித்தி கேட்டது சரியான கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் அங்கே வரவேயில்லை. 2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். எங்கே கோடு போட்டாலும் ஒரு கிணறோ குளமோ வயல் ஏலாவோ மாட்டும்.

ஆகவே "நீட்டித் தாருங்கள்" என்பதோடு மனுவை நிறுத்தாதீர்கள். எந்த கேஜ், நாகர்கோவிலுக்கு நிறுத்தம் ஊருக்குள்ளா வயலுக்குள்ளா, ரயில்வே எவ்வளவு மாநிலம் எவ்வளவு போடும் என்று எழுதிக் கேளுங்கள். கேரளமும் தமிழகமும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய பாதை இது. நம் பக்கம் யார் போய் உட்காரப்போகிறார் என்றும் கேளுங்கள். கோடு போடும் முன்பே அறிக்கையைத் தமிழில் எழுதி ஒவ்வொரு வில்லேஜ் ஆபீசிலும் வைக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாகப் போடுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சித்தியின் விளையில் அந்தக் கல் இப்போதும் நிற்கிறது. மனுவோடு அதன் படமும் வேண்டுமென்றால், வில்லுக்குறியில் பஸ் இறங்கிக் கூப்பிடுங்கள், கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
அண்ணன்