ஆச்சியக் கேளுங்க: அப்பத்தா நினைவு

கே: எங்க அப்பத்தா தவறிப்போயி, வர்ற மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது. ஊர்ல யார் வீட்டு கல்யாணம்னாலும் மொத ஆளா போய் வேலைய இழுத்துப் போட்டு செய்வாக. படத்துக்கு மாலை போட்டா போதுமா ஆச்சி? - வாசகி, காரைக்குடி

ப: மாலை போடுங்க, யாரு வேணாங்கறா. ஆனா அவக கையால சாப்பிட்டவக, கொட்டான் (ஓலைக்கூடை) பின்னக் கத்துக்கிட்டவக எல்லாரையும் வளவுல (வீட்டு முற்றத்துல) உக்கார வச்சு பேசவிட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிருங்க, நம்ம செட்டிநாட்டு இனிப்புப் பலகாரம் கந்தரப்பத்துக்கு அவக கைப்பக்குவம் எந்த டைரிலயும் இருக்காது (எங்க ஆத்தாளோடது அப்படித்தான் போச்சு). அப்பறம் திருக்கார்த்திகைல இருந்து 21ஆம் நாள் நம்ம நகரத்தார் பிள்ளையார் நோன்பு வருதுல்ல, 21 நூலத் திரியாக்கி மாவுல வச்சு ஏத்தி சுடரோட அப்படியே வாயில போட்டு இழை எடுத்துக்குவோமே, அன்னைக்கு தனியா இருக்கற வயசானவகளையும் கூப்பிட்டுக்கங்க. உங்க அப்பத்தா இருந்தா விட்டுருப்பாகளா என்ன?